ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து வேகமாக ஏறினால் ரத்த அழுத்தம்: உங்கள் அனுபவம்?

நாய், பூனைகளுக்கு ரத்தக்கட்டி கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றும்போது அழுத்தம் சட்டென்று இறங்கியதைக் கண்டவர்கள் எழுதுங்கள். மொத்த அளவோடு எந்த வேகத்தில் போனது என்பதையும் அவசியம் சொல்லுங்கள். மருந்தால் உருவாகும் பிளாஸ்மின் (கட்டியைக் கரைக்கும் நொதி) கல்லிக்ரீன் என்ற இன்னொரு நொதியைத் தூண்டுகிறது, அது குழாயை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளை விடுவிக்கிறது, ரத்தக்குழாய்கள் விரிகின்றன. மெதுவாகப் போனால் பிராடிகைனின் சேரச் சேர உடல் சிதைத்துவிடும். வேகமாகப் போனால் முடியாது.

——

மருந்தேற்றும் பம்ப் சரியாக ஓடியும் அழுத்தம் விழுந்தால் மருந்து போகும் குழாயைப் பாருங்கள். 90,000 யூனிட்டை 9 மி.லி.யில் கலந்து 30 நிமிடத்தில் ஏற்றினால் நிமிடத்துக்கு 3,000 யூனிட். 1.5 மி.லி. பிடிக்கும் இணைப்புக் குழாயில் 15,000 யூனிட் தங்கியிருக்கும். முடிந்ததும் சலைனைக் கையால் தள்ளினால் ஐந்து நிமிட மருந்து சில நொடியில் உள்ளே போய்விடும். 5 கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 3,000 யூனிட்! சலைனும் அதே வேகத்தில் பம்பிலேயே போகட்டும். அந்த வழியில் வேறு ஊசி போடவே கூடாது.

——

பட்டை கட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் இந்தச் சரிவு இரண்டு அளவீட்டுக்கு நடுவே வந்து போய்விடும். தமனிக்குள் செருகி அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்கும் குழாய் வேண்டும், அதையும் மருந்து தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். பிறகு குத்தினால் ரத்தம் நிற்காது. டிரான்ஸ்டியூசர் (அழுத்த உணரி) இதய மட்டத்தில் இருக்கட்டும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அலை மழுங்கும், சிஸ்டாலிக் (மேல் அழுத்தம்) குறைவாகக் காட்டும், இல்லாத சரிவைத் துரத்துவீர்கள். மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனும் ரத்தக்குழாயை விரிக்கும் என்பதால் மயக்கத்தின் ஆழத்தை மாற்றாமல் அளவிடுங்கள்.

——

ஆய்வு செய்பவர்களுக்கு: மருந்தில்லாத கரைசலைத் தனியாக ஏற்றிப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள். கட்டி கரைக்கும் இன்னொரு மருந்தான ஆல்டிப்ளேஸின் குப்பியில் ஆர்ஜினைனும் பாலிசார்பேட் 80-ம் துணைப்பொருள்களாக உண்டு. பாலிசார்பேட் நாய்களில் ஒவ்வாமையில் வரும் ஹிஸ்டமினை வெளியேற்றும், அதுவே அழுத்தத்தைத் தள்ளும். எலியில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்து 'ஒன்றும் ஆகவில்லை' என்பதும் செல்லாது. எலியின் பிளாஸ்மினோஜனை (பிளாஸ்மினின் முன்வடிவம்) இந்த மருந்து தூண்டுவதே இல்லை.

——

சரிந்தால் முதலில் பம்பை நிறுத்துங்கள். பிராடிகைனின் என்றால் சில நிமிடத்தில் ஏறத் தொடங்கும். ஏறியபின் வேகத்தைக் குறைத்துத் தொடரலாம். ஏறாவிட்டால் ரத்தக்கசிவைத் தேடுங்கள்: குத்திய இடம், வயிறு, ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்). இதய நோய்க்கு பெனாசெப்ரில் சாப்பிடும் பூனையில் சரிவு ஆழமாகலாம், பிராடிகைனினைச் சிதைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. பின்னங்காலுக்குப் போகும் ரத்தக்கட்டி கரைந்த பூனைக்கு ஈசிஜியைக் கழற்ற வேண்டாம். ரத்த ஓட்டம் திரும்பும்போது பொட்டாசியம் ஏறி, அழுத்தம் வேறு காரணத்தால் விழும்.