கீசர் பிளக் உருகுகிறது, எம்.சி.பி. மட்டும் விழவே இல்லை

மாடிவீடு_தாம்பரம்:
வாடகை வீடு. குளியலறைக்கு வெளியே இருக்கும் 16 ஆம்பியர் பிளக் பாயிண்டில் 2000 வாட் கீசர் ஓடுகிறது. வலப்பக்கத் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பாகி லேசாக உருகியிருக்கிறது. கீசர் போட்டால் மீன் வாடை மாதிரி வருகிறது. ஓனரிடம் சொன்னால், "பிரச்சினை என்றால் எம்.சி.பி. (கரண்டைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்குமே" என்கிறார். அது சரியா? வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்.

ஒயர்மேன்_மதுரை:
சகோதரி, முதலில் அந்த எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். வேலை முடியும்வரை வெந்நீரை அடுப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓனர் சொல்வது தவறு. ஓவர்லோடு ஆனாலோ ஷார்ட் ஆனாலோதான் எம்.சி.பி. விழும். உங்கள் கீசர் இழுப்பது 230 வோல்டில் 9 ஆம்பியர்கூட இல்லை, அதனால் எம்.சி.பி.யின் கணக்கில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கோளாறு துளைக்குள் இருக்கிறது. உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஒயர் திருகு லூஸாகியிருக்கும். அந்த இடத்தில் அரை ஓம் தடை வந்தாலே 35 வாட்டுக்கு மேல் சூடு. சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! அதைவிடப் பெரிய சூட்டுக்கோல் சுவருக்குள் எரிகிறது. ஆர்.சி.சி.பி. இருந்தாலும் இதைப் பிடிக்காது, அது கரண்ட் கசிவைத்தான் பார்க்கும்.

சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போக விடாதீர்கள். கருகிய பிளக் டாப்பையும் மாற்ற வேண்டும், அந்தப் பின் புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். ஒயரில் கருத்த பகுதியை வெட்டி, பளபளப்பான செம்பு தெரிந்த பிறகுதான் முறுக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அந்த லைனையே மாற்றச் சொல்லுங்கள். மேல் துளையில் எர்த் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்; எர்த் இல்லாமல் கீசர் போடவே கூடாது.

கடலூர்_உப்புக்காற்று:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. எங்கள் பக்கம் உப்புக்காற்றில் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும், அதனாலும் இதே சூடு வரும். அப்புறம், சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று யாரும் போர்டைத் திறக்க வேண்டாம். சில பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் ஒயர்) கொடுக்காமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் ஒயர்) கொடுத்திருப்பார்கள். அணைத்தாலும் ஃபேஸ் உயிரோடு இருக்கும். மெயினை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று, மெயினை இறக்குமுன் கரண்ட் உள்ள பாயிண்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிவீடு_தாம்பரம்:
நன்றி அண்ணா. எலக்ட்ரீஷியன் வந்து திறந்தார். ஃபேஸ் திருகு கையாலேயே சுற்றியது, ஒயரின் மேலுறை ஓர் அங்குலம் உருகியிருந்தது. சாக்கெட், சுவிட்ச், பிளக் டாப் மூன்றையும் மாற்றினார். எர்த் இருக்கிறது. போட்டோவைப் பார்த்ததும் ஓனரே செலவை ஏற்றுக்கொண்டார். ஏசி பாயிண்டும் இதே வயசு. அதையும் திறந்து பார்க்கச் சொல்லட்டுமா?

ஒயர்மேன்_மதுரை:
கட்டாயம். அவர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.