டிஸ்க் பக்கத்தில் நின்று பார்த்தது

இரும்புத் தாதுப் பொடியை உருண்டையாக்கிச் சுடும் பெல்லட் பிளான்ட் என்றாலே எல்லோரும் 1,300 டிகிரிச் சூளையைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், பெல்லட்டின் தலையெழுத்து அதற்கு முன்பே, உருண்டை பிடிக்கும் வட்டத் தட்டான டிஸ்க்கில் முடிவாகிவிடுகிறது.

மாவாக அரைத்த தாது, ஒரு சதவீதத்துக்குள் பென்டோனைட் என்ற ஒட்டும் களிமண், 9 சதவீதத்தை ஒட்டிய ஈரம். சாய்ந்து சுழலும் டிஸ்க்கில் இது விழுந்ததும் சின்னச் சின்ன விதைகளாகத் திரண்டு, உருண்டு உருண்டு பருக்கும். சிறியவை அடியிலேயே சுற்றும். பருத்தவை மேலே ஏறி விளிம்பைத் தாண்டி விழும். யாரும் பொறுக்கிப் பிரிப்பதில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

ஒரு நைட் ஷிஃப்ட்டில் உருண்டைகள் திடீரென்று பெரிதாகிக்கொண்டே போயின. லேபில் டிராப் டெஸ்ட் நம்பரோ (உருண்டை எத்தனை தடவை விழுந்தும் உடையாமல் தாங்குகிறது என்ற கணக்கு) வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் திரும்பத் திரும்பப் போட்டும் உடையவில்லை. சீனியர் ஆபரேட்டர் அதை நம்பவில்லை. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினார், உடையாமல் சப்பையானது. "மேல பளபளன்னு இருக்கு பாரு தம்பி, தண்ணி ஜாஸ்தி" என்றார். ஈரம் கூடினால் உருண்டை நெகிழும், அதனால் விழுந்தாலும் உடையாது. ஆனால் சூளைக்குப் போகும் உருண்டைப் படுகையில் மேலுள்ள எடையில் நசுங்கி இடைவெளியை அடைத்துவிடும். சூடான காற்று ஊடுருவ வழியில்லாமல் போகும். உலரும்போது உள்ளிருக்கும் நீராவி வேகமாகக் கிளம்பி உருண்டையை வெடிக்க வைப்பதும் உண்டு.

டிஸ்க்கில் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயை மூடியும் சரியாகவில்லை. அரைத்த தாதுக் குழம்பிலிருந்து நீரை வடிக்கும் ஃபில்டரின் துணி அடைபட்டு, அங்கிருந்து வரும் கேக்கே (நீர் வடிந்த தாதே) ஈரமாக இருந்தது. பென்டோனைட்டைக் கூட்டலாம் என்றார் ஒருவர். அது ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும், மறுக்கவில்லை. ஆனால் கூடவே சிலிக்காவும் வரும், ஊதுலையில் கசடு கூடும். நம் வசதிக்காக உலைக்காரர்கள் தலையில் சுமையை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் டிஸ்க்குக்குப் போகும் ஃபீடைக் குறைத்து ஓட்டிக்கொண்டே துணியை மாற்றினோம். காலைக்குள் உருண்டைகள் பழையபடி 9 முதல் 16 மில்லிமீட்டருக்குள் வந்தன.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: டிராப் நம்பரோடு அழுத்த வலிமையையும் சேர்த்தே பாருங்கள். ஃபில்டர் கேக்கின் ஈரம் ஏறி இறங்கும்போது உங்கள் பிளான்ட்டில் என்ன செய்கிறீர்கள்?