எழுதியதைத் தெரிந்துகொள்ள இன்னும் கிழிக்கத்தான் வேண்டுமா?

மடிப்பு:
போன வாரம் ஒரு விருந்தில் திடீரென்று மனசைப் படிக்கிற வித்தை ஏதாவது செய்து காட்டச் சொன்னார்கள். கையில் ஒன்றும் இல்லை. ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கி சென்டர் டேர் செய்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக: தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு, மனசுக்கு நெருக்கமான ஒருவரின் பெயரை அதற்குள் எழுதச் சொல்கிறோம். நான்காக மடித்து வாங்கிக் கிழிக்கிறோம். மடித்த தாளில் எல்லா மடிப்பும் வந்து கூடுகிற மூலைதான் தாளின் நடு. கிழிக்கும்போது அந்த மூலை மட்டும் கட்டைவிரலுக்கு அடியில் தங்கிவிடும். பிறகு மறைவாக விரித்தால் பெயர் முழுசாக இருக்கும்.

கைவேலையில் பிசிறில்லை. பெயரும் சரி. ஆனால் எழுதிய பெண் கேட்டார்: "மனசைத்தான் படிக்கிறீங்க, அப்புறம் எதுக்குத் தாளைக் கிழிச்சீங்க?" எனக்குப் பதில் வரவில்லை. அதற்குள் அவர் கையிலிருந்த துண்டுகளை மேசையில் பரப்பி ஒட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஓட்டை.

என் முடிவு இதுதான்: சென்டர் டேர் காலம் முடிந்துவிட்டது. மடித்த சீட்டை விரல் நுனியில் லேசாகத் திறந்து பார்த்துவிடுகிற பீக்தான் இனி வழி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய பென்சில்:
மறுக்கிறேன். தப்பு கிழிப்பதில் இல்லை, கிழிக்கும்போது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்தான் இருக்கிறது. பெயரை எழுதியாயிற்று, மனசில் பதிந்தாயிற்று, இனி இந்தத் தாள் யார் கண்ணிலும் படக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கிழித்தால், கிழிப்பது உங்கள் தேவையாகத் தெரியாது. அவருடைய ரகசியத்துக்குக் காவலாகத் தெரியும். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு உத்தியைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

இன்னொன்று, துண்டுகளை ஏன் அவர் கையில் கொடுத்தீர்கள்?

மடிப்பு:
அண்ணா, அந்த வரி ஒரு காலத்துக்குப் பொருந்தியது. மனம் படிக்கும் வித்தைக்காரர் தியோடர் ஆனிமன் 'ஜின்க்ஸ்' என்ற வித்தை இதழ் நடத்திய 1934 முதல் 1941 வரையான காலத்தில் சாம்பல் கிண்ணமும் தீப்பெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கிழித்துப் போட்டு எரித்தார்கள். எரிப்பதற்காகக் கிழிக்கிறார் என்று பார்த்தவர்களுக்குத் தானாகவே புரிந்தது. இன்றைக்குக் கூடத்துக்குள் தாளைக் கொளுத்தினால் புகை எச்சரிக்கை மணிதான் அடிக்கும். நெருப்பு போனதோடு கிழிப்பதற்கான காரணமும் போய்விட்டது. வெறும் வாய்ச்சொல்லால் அதை ஈடுகட்ட முடியாது.

பீக்கில் சீட்டு முழுசாகவே இருக்கிறது. எழுதியவரே கடைசியில் பிரித்து எல்லோருக்கும் காட்டுகிறார். இதைவிடச் சுத்தமான முடிவு ஏது?

பழைய பென்சில்:
அப்படியென்றால் உங்கள் கேள்வியையே திருப்பிக் கேட்கிறேன் தம்பி. பீக் செய்ய, மடித்த சீட்டு ஒரு தடவையாவது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஏன் வாங்குகிறீர்கள்? அவர் மடித்தார், அவர் கையிலேயே இருக்கலாமே! கிழிப்பவனுக்காவது தாளை வாங்க ஒரு காரணம் இருக்கிறது. வாங்கித் திருப்பிக் கொடுப்பவனுக்கு அதுவும் இல்லை.

கோணத்தையும் மறந்துவிடாதீர்கள். இடது பக்கம் பின்னால் ஒருவர் நின்றால் போதும், நீங்கள் பார்க்கிற பெயரை அவரும் பார்ப்பார். கண் கீழே போனால் ஊரே கூடக் கீழே பார்க்கும். வித்தைக்காரர் ரிச்சர்ட் ஓஸ்டர்லிண்ட் மெருகேற்றிய பெர்ஃபெக்டட் சென்டர் டேர் முறையில் கிழிக்கிற வேகத்திலேயே படித்து முடித்துவிடலாம். பிறகு எல்லாத் துண்டையும் தாராளமாகக் கொடுக்கலாம், யார் வேண்டுமானாலும் ஒட்டிப் பார்க்கட்டும்.

புதிய கை:
நான் ஆறு மாதமாகத்தான் கற்கிறேன். தாளைத் தொடாமலே தெரிந்துகொள்ள வழி இல்லையா? பென்சிலின் மேல்முனை அசைவதைப் பார்த்தே எண்ணைச் சொல்லலாம் என்கிறார்களே, அது உண்மையில் நடக்குமா?

அமைதி:
நடக்கும் தம்பி. கொரிண்டா என்ற வித்தைக்காரர், மனம் படிக்கும் வித்தையைப் பதின்மூன்று படிகளாகச் சொல்லித்தரும் தன் புத்தகத்தில் இரண்டாவது படியிலேயே அதைச் சேர்த்திருக்கிறார். ஒன்று நேர்க்கோடாக இறங்கும். ஏழு பக்கவாட்டில் போய் இறங்கும். நாலையும் ஐந்தையும் பெரும்பாலானோர் பென்சிலை ஒரு முறை எடுத்துவிட்டுத்தான் முடிப்பார்கள். நீளமான பென்சிலாகக் கொடுங்கள், பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஒற்றை இலக்கத்துக்கும் எளிய உருவத்துக்கும் இது நன்றாகவே உதவும். பெயருக்கு இதை நம்பி இறங்காதீர்கள்.

தாளைத் தொடாத இன்னொரு வழி, எழுதுகிற தாள்கட்டு. எழுதிய தாளைக் கிழித்து அவரே வைத்துக்கொள்ளட்டும், கட்டு மட்டும் உங்களிடம் திரும்பட்டும். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தால் அடுத்த தாளில் பள்ளம் விழுந்திருக்கும். வெளிச்சம் நேர் மேலிருந்து வந்தால் ஒன்றுமே தெரியாது. கட்டை லேசாகச் சாய்த்து, வெளிச்சம் தாளை உரசிக்கொண்டு போகும்படி பிடித்தால் எழுத்து நிழலாக எழும்பும். ஸ்கெட்ச் பேனா என்றால் மறந்துவிடுங்கள், அது அழுத்தாது.

இனி உங்கள் இருவருக்கும். எது சிறந்தது என்று அடித்துக்கொள்கிறீர்கள், ஆனால் இருவருமே கேட்பது ஒரே கேள்வி: கைக்கு என்ன காரணம்? நான் கண்ணுக்கு என்ன காரணம் என்று கேட்பேன். 19ஆம் நூற்றாண்டில் சார்ல்ஸ் ஃபாஸ்டர் என்ற ஆவி ஊடகர், அதாவது இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்னவர், சுருட்டிய சீட்டுகளைப் படிப்பதில் பேர் போனவர். சுருட்டைப் பற்ற வைக்கும்போது குவித்த கைக்குள் சீட்டை விரித்துப் படித்துவிடுவார். சுருட்டுப் பற்ற வைப்பவன் தன் கையைப் பார்ப்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? ஒளித்துப் பார்க்கவே இல்லை அந்த மனுஷன். பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்தார்.

ஆனால் அவரிடம் வந்தவர்கள் எழுதியது இறந்துபோன சொந்தங்களின் பெயர்களை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மடிப்பு, "மனசுக்கு நெருக்கமானவர்" என்று நீங்கள் கேட்டால் சிலர் செத்துப்போன அப்பாவின் பெயரை எழுதுவார்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. பெயரைச் சொன்னதும் அந்த அம்மாள் அழுதுவிட்டு, "வேற ஏதாவது சொல்றாரா?" என்று கேட்டார். இல்லை அம்மா, இது வெறும் வித்தைதான் என்று அங்கேயே சொன்னேன். கூட்டம் சப்பென்று ஆகிவிட்டது, ஆகட்டும். அன்றிலிருந்து பள்ளிக்கூடத் தோழர் பெயர்தான் கேட்கிறேன்.

மடிப்பு:
ஐயா, அதை நான் யோசிக்கவே இல்லை. இனி நானும் தோழர் பெயர்தான். தமிழில் நீளமான பெயர்கள் வட்டத்தை மீறிப் போய் வால் கிழிந்துவிடுகிற தொல்லையும் குறையும், தோழர்களைப் பெரும்பாலும் சுருக்கித்தானே கூப்பிடுகிறோம்.

கிழிக்கும் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓஸ்டர்லிண்டின் முறைக்குப் பல மாதப் பழக்கம் வேண்டும். சாதாரண முறையில் துண்டுகளை எங்கே போடுவது என்று அண்ணா சொல்லட்டும்.

பழைய பென்சில்:
உங்கள் பைக்குள். குப்பை போடுகிற மாதிரி, கவனிக்காமல், பேசிக்கொண்டே. நடுத்துண்டு மட்டும் விரலிடுக்கில் தங்கட்டும். அதே கை பேனாவோடு வெளியே வரட்டும். ஒரு குறிப்பேட்டை எடுத்து, "எனக்குத் தோன்றுவதை முதலில் எழுதிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். துண்டு ஏட்டுக்குப் பின்னால் விரியும். எழுதுகிறவன் ஏட்டைப் பார்க்கத்தானே வேண்டும்? அமைதி ஐயா சொன்ன கண்ணுக்கான காரணம் அதுதான். உடனே சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒரு எழுத்தை எழுதுங்கள், அடியுங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்துப் பெயர் வரும்போது கிழித்தது யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது.

மடிப்பு:
குறிப்பேடு வந்துவிட்டால் அது வெறுங்கையோடு செய்வது ஆகுமா?

பழைய பென்சில்:
எழுத ஒரு தாள் கேட்டு வாங்கினீர்களே, அங்கேயே இன்னொரு தாளும் ஒரு புத்தகமும் கேளுங்கள். புத்தகத்தின் மேல் தாளை வைத்துச் சாய்த்துப் பிடித்தால் போதும். செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அப்போதும் அந்தப் பெண் அதே கேள்வியைக் கேட்டால் நானே பீக்குக்கு மாறிவிடுகிறேன்.