பூங்கா மண்ணில் நாய்க் குடற்புழு முட்டைகள்: அனுபவப் பகிர்வு

கால்நடை மருத்துவர்:
ஈர மலத்தைக் கண்டால் எல்லோரும் ஒதுங்கிப் போகிறார்கள். அஞ்சவேண்டியது பழைய மலத்துக்கு, அதுவும் மழையில் கரைந்து தடமே தெரியாமல் போனதற்கு. நாயின் உருண்டைப்புழுவான டாக்ஸோகாராவின் முட்டை, மலத்தோடு விழும்போது யாருக்கும் தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்தால் 2 முதல் 4 வாரத்தில் அதற்குள் லார்வா (இளம்புழு) உருவாகும், அப்போதுதான் தொற்றும். பிறகு மாதக்கணக்கில், சில மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாயின் இன்னொரு குடற்புழுவான கொக்கிப்புழுவுக்கு அவ்வளவு நாள் வேண்டாம். ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். அதனால்தான் தினமும் அள்ளச் சொல்கிறோம். வாரம் ஒருமுறை போதாது.

முட்டையை அதிகம் கொட்டுவது குட்டிகள். தாயின் வயிற்றிலேயே புழு ஏறிவிடும். குடற்புழு மருந்தை 2, 4, 6, 8 வார வயதில் கொடுங்கள், தாய்க்கும் சேர்த்து. தடுப்பூசி போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அதற்குள் மண்ணில் முட்டை விழுந்திருக்கும்.

ஒட்டுண்ணி ஆய்வகம்:
டாக்ஸோகாரா முட்டை தேட மண் எடுப்பவர்கள் ஒரே இடத்தில் தோண்டாதீர்கள். மரநிழல், பெஞ்சு ஓரம், வேலியோரம் எனப் பல இடங்களில் மேல்மண்ணை 3–5 செ.மீ. சுரண்டிக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள். பிறகு ட்வீன் 80 (சோப்பு போன்ற திரவம்) சில சொட்டு விட்ட நீரில் நன்றாக அலசவேண்டும். முட்டையின் மேலோடு பிசுபிசுப்பானது, மண்துகளை லேசில் விடாது. இந்த அலசலை விட்டுவிட்டுப் பார்த்தால் அழுக்கு மண்ணும் சுத்தமாகத் தெரியும். சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சுற்றித் தெளிநீரை இறுத்தபின், 1.20 அடர்த்தியுள்ள ஜிங்க் சல்ஃபேட் கரைசலில் மீண்டும் சுற்றி, மிதந்து வரும் முட்டை ஒட்டிக்கொள்ள, குழாயின் வாய்மேல் கவர் கிளாஸை (மெல்லிய கண்ணாடித் துண்டு) 10 நிமிடம் வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். சுமார் 80 மைக்ரான் அளவில், கருத்து உருண்டு, ஓட்டில் குழிகுழியாக இருந்தால் அதுதான் டாக்ஸோகாரா முட்டை.

கொக்கிப்புழுவை இப்படித் தேடாதீர்கள், அது ஏற்கெனவே பொரிந்திருக்கும். உலர்த்தாத மண்ணைத் துணியில் கட்டி, புனலில் வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு முங்க வைத்தால் லார்வா அடியில் இறங்கும்.

பூங்காப் பராமரிப்பு:
ப்ளீச்சிங் பவுடர் தூவுவது வீண்செலவு, இந்த முட்டை குளோரினுக்குச் சாகாது. கொதிநீர், நீராவி, நல்ல வெயிலில் முழுக்கக் காய்வது, இவைதான் கொல்லும். மணல்குழியை இரவில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் பூனை வந்து மலம் கழிக்கும். காலையில் கட்டாயம் விலக்குங்கள். மூடியே கிடந்தால் ஈரம் தங்கி முட்டைக்குத்தான் வசதி. மலத்தை ஹோஸ் அடித்துக் கழுவினால் பரவும். கரைந்திருந்தால் அடிமண்ணோடு சேர்த்து அள்ளுங்கள்.

தோல் மருத்துவர்:
பாதத்திலோ பிட்டத்திலோ நெளிந்த சிவப்புக் கோடு, கடும் அரிப்பு, கோடு நாளுக்கு நாள் நீள்கிறது என்றால் கொக்கிப்புழு லார்வா. படர்தாமரைக் களிம்பு கேட்காது. லார்வா கோட்டின் நுனியைத் தாண்டிப் போயிருக்கும், ஆகவே ஐஸ் வைப்பதும் கீறுவதும் பயனற்றவை. ஐவர்மெக்டின் அல்லது அல்பெண்டசோல், எடை பார்த்து மருத்துவர் தரவேண்டும்.

டாக்ஸோகாராவுக்கு இப்படித் தடம் கிடையாது. மண் தின்னும் குழந்தைக்கு விடாத காய்ச்சல், ஈரல் வீக்கம், ஈசினோபில் (ஒருவகை வெள்ளை ரத்த அணு) ஏற்றம், ஒரு கண்ணில் பார்வை மங்கல் என்றால் சந்தேகப்படுங்கள். மலப் பரிசோதனை கேட்காதீர்கள். மனித உடலில் அது வளர்ந்து முட்டையிடுவதில்லை. ரத்தத்தில் எலிசா (எதிர்ப்பொருளைக் காட்டும் சோதனை) கேளுங்கள்.