வகாக்கி பேண்ட்: மரபா, மேடை அலங்காரமா?

மூங்கில்காது:
ஜப்பானிய ராக் குழுவான வகாக்கி பேண்டை அந்நாட்டு மரபிசையின் மறுபிறப்பு என்று கொண்டாடுகிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. கொத்தோ (கிடத்தி மீட்டும் 13 தந்தி வாத்தியம்), ஷாகுஹாச்சி (மூங்கில் குழல்), ஷமிசென் (தோல் போர்த்திய மூன்று தந்தி வாத்தியம்), தைகோ (முரசு) நாலும் மேடையில் இருக்கிறது, சரி. பக்கத்திலேயே மின்கிதாரும் டிரம்ஸும் அலறும்போது ஷமிசெனின் தடித்த தந்தி கழுத்தில் உரசி எழுப்பும் ரீங்காரம் எங்கே கேட்கிறது? தம்புராவில் தந்தியைத் தாங்கும் குதிரையில் நூல் செருகி வரவழைக்கிறோமே, கிட்டத்தட்ட அதே நாதம்தான். அது போனால் மிச்சம் பட்டு உடை மட்டும்.

அலைகடல்77:
எந்த மரபு சார்? ஷமிசெனே 16ஆம் நூற்றாண்டில் ரியூக்யூ தீவுகள் (இன்றைய ஒகினாவா) வழியாக வந்த சீன வாத்தியத்தின் வாரிசு. அங்கே பாம்புத்தோல், ஜப்பானில் பூனைத்தோல், நாய்த்தோல். மேடை நிறைய தைகோ வைத்துக் குழுவாக அடிக்கிறார்களே, அந்தப் பாணியை 1951ல் தொடங்கிய ஒகுச்சி தைஹாச்சி ஒரு ஜாஸ் டிரம்மர்!

மூங்கில்காது:
கலக்கவே கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? கொத்தோ மேதை மியாகி மிச்சியோ மேற்கத்திய இசையை ஆசையாகக் கேட்டவர்தான், ஆனால் தாழ்ந்த சுரங்கள் வேண்டும் என்றதும் 1921ல் 17 தந்தி கொத்தோவையே உருவாக்கினார். பாப் இசையில் எல்லாம் தலைகீழ், வாத்தியம்தான் பாட்டுக்கு வளைய வேண்டும். கடைசிப் பல்லவியில் சுருதி அரைப்படி ஏறும்போது கொத்தோக்காரர் 13 குதிரைகளையும் நகர்த்திக்கொண்டா இருப்பார்? ஷாகுஹாச்சிக்கு ஐந்தே துளை, தலையைத் தாழ்த்தி நிமிர்த்தி சுரத்தை வளைப்பதில்தான் அதன் அழகே இருக்கிறது, கீபோர்டு கட்டையோடு ஒட்டி ஊதச் சொன்னால் சாதாரணப் புல்லாங்குழல் போதுமே.

திண்ணைவாசி:
நடுவில் வருகிறேன், கோபிக்காதீர்கள். வகாக்கி பேண்டில் வாசிப்பது ட்சுகரு ஷமிசென். பார்வையற்ற நாடோடிக் கலைஞர்கள் வடக்கே பனிப் பிரதேசத்தில் வீடு வீடாகப் போய் வாசித்து வளர்த்த பாணி, தந்தியோடு சேர்த்துத் தோலையும் ஓங்கி அறைவார்கள், நிறைய மனோதர்மம். ராக் இசையோடு அது சண்டை போடாது. அந்தப் பாணியில் வாசிக்கும் யோஷிதா சகோதரர்களைக் கேளுங்கள். கொத்தோ விஷயத்தில் மட்டும் மூங்கிலார் பக்கம்தான் நான், பாதிப் பாட்டில் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

அலைகடல்77:
அது மிக்ஸிங் கோளாறு அண்ணா, வாத்தியம் என்ன செய்யும்? 2014ல் வகாக்கி பேண்ட் வோகலாய்டு (கணினியில் உருவாக்கும் பாட்டுக் குரல்) பாடல்களை வாசித்து ஆல்பம் போட்டது, அதற்கு முன் கொத்தோ என்ற பெயரே எனக்குத் தெரியாது.

மூங்கில்காது:
பெயர் தெரிந்தது, நல்லது. அந்த ஆல்பத்தையே ஹெட்போனில் போட்டு, முழுக் குழுவும் வாசிக்கிற இடத்தில் கொத்தோ தனியாகக் கேட்கிற நிமிடத்தைக் குறித்துப் போடுங்கள். அப்புறம் பேசுவோம்.