கிட்டார் கனம் தாங்க முடியவில்லை, இடது தோள் எரிகிறது. அவசரம், உதவுங்கள்

மதுரைத்தந்தி (வியாழன் இரவு 11.42)
எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை ரிசப்ஷன் கச்சேரி, நாலு மணி நேரம் நின்றுகொண்டே வாசிக்க வேண்டும். போன வாரக் கச்சேரியில் பாதியிலேயே இடது தோள் எரிய ஆரம்பித்துவிட்டது. கடைசி ஆறு பாட்டும் கிட்டாருக்கு இடுப்பால் முட்டுக்கொடுத்துத்தான் ஒப்பேற்றினேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தால் தோளில் பெல்ட் பதிந்த சிவப்புக் கோடு. மறுநாள் மத்தியானம் வரை போகவில்லை. உட்கார்ந்து வாசி என்று சொல்லாதீர்கள், எங்கள் குழுவில் விட மாட்டார்கள். வேறு கிட்டார் வாங்க இப்போது காசில்லை. என்ன செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்கள்.

பேஸ்காரன் (11.58)
என்ன கிட்டார்? எத்தனை கிலோ? பெல்ட் எவ்வளவு அகலம், என்ன துணி? இது மூன்றும் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

சர்ச்கிட்டார் (வெள்ளி 12.05)
தோள் என்றால் எந்த இடம்? கழுத்தோரமா, தோள் முனையா, முதுகுப் பக்கமா? விரல் மரத்துப் போகிறதா?

ஆறாம்தந்தி (12.20)
தம்பி, கேள்வி கேட்கும்போது கிட்டாரின் பெயரைக்கூடப் போடாமல் "அவசரம்" என்று மட்டும் எழுதினால் எப்படி? பதினெட்டு வருடமாக இந்தக் களத்தில் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல கிட்டார் கனமாகத்தான் இருக்கும். 1970களில் வந்த கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார்களில் சில 5 கிலோவைத் தொட்டவை. அதை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வாசித்திருக்கிறார்கள். தினமும் இருபது தண்டால் எடுங்கள், தோள் தானாகப் பழகிவிடும். அப்புறம், அது பெல்ட் இல்லை, ஸ்ட்ராப்.

மதுரைத்தந்தி (12.31)
லெஸ் பால் வடிவம்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எடை தெரியாது, நல்ல கனம். பெல்ட் கிட்டாரோடு வந்தது, கறுப்பு நைலான்.

பேஸ்காரன் (12.40)
"நல்ல கனம்" போதாது, எண் வேண்டும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் கிட்டாரோடு ஒரு தரம், வெறும் ஆளாக ஒரு தரம் ஏறி நின்று கழித்துப் பாருங்கள். அதில் அரை கிலோ வரை முன்பின் காட்டும். பழைய பேப்பர் கடையில் தொங்கவிட்டு நிறுக்கும் கொக்கித் தராசு இருக்கும், அது இன்னும் நல்லது. பெல்ட்டோடு சேர்த்தே கொக்கியில் மாட்டி நிறுத்துவிடுங்கள். 3.5 கிலோ என்றால் பேச்சு வேறு, 4.5 என்றால் வேறு.

தோல்வாத்தியம் (காலை 6.15)
எனக்குக் கிட்டார் தெரியாது, தோள் தெரியும். அப்பா தவில்காரர். தவில் உங்கள் கிட்டாரைவிட எவ்வளவோ கனம். சாமி புறப்பாட்டில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க நாலு வீதியும் நின்று நின்று வாசித்து வருவார். சின்ன வயதில் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன். வாருக்கு அடியில் பருத்தித் துண்டை நாலாக மடித்து வைப்பார். வாரைக் கழுத்தை ஒட்டிப் போடவே மாட்டார். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், சதை இருக்கிற இடத்தில்தான் போடுவார். சாமி நின்றால், தீபாராதனை முடிவதற்குள் தவிலைத் தூக்கித் தொடையில் முட்டுக்கொடுத்து, தோளை ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். அந்த ஓய்வு அரை நிமிஷம்கூட இராது. அதுதான் தன்னை அடுத்த வீதிக்குக் கொண்டுபோகிறது என்று சொல்வார். உங்கள் பெல்ட் எங்கே உட்காருகிறது என்று முதலில் கண்ணாடியில் பாருங்கள்.

மரப்பட்டறை (8.02)
கனம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் தீர்வும் அங்கேயே இருக்கிறது. லெஸ் பாலில் மஹோகனிக் கட்டைமேல் மேப்பிள் பலகை ஒட்டியிருக்கும். கட்டை தடிமன், அதனால்தான் கனம். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரை மாட்டிப் பாருங்கள். முதுகுப் பக்கம் விலா படுகிற இடத்தைச் செதுக்கியே எடுத்திருப்பார்கள், உடம்போடு ஒட்டி நிற்கும். கிப்சனே 1980களின் தொடக்கத்தில் மேப்பிளை ஒட்டுவதற்கு முன்பு மஹோகனியில் ஒன்பது துளை போட்டுக் கனத்தைக் குறைத்தது, பிறகு உள்ளே அறை அறையாகவும் குடைந்தது. உங்களுடையதையும் பின்பக்கமிருந்து குடைந்து, மேலே பலகை ஒட்டிக் கொடுக்கலாம். இரண்டு கிட்டாருக்குச் செய்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் முக்கால் கிலோ குறைந்தது.

ஆறாம்தந்தி (8.30)
சனிக்கிழமை கச்சேரி வைத்திருப்பவரிடம் வெள்ளிக்கிழமை காலை கிட்டாரைக் குடையலாம் என்கிறீர்கள். அதை விடுங்கள், குடைந்தால் சஸ்டெயின் போய்விடும். ஒரு சுரத்தை மீட்டிவிட்டால் அது நின்று பாட வேண்டும், அதற்குத்தான் அந்தக் கட்டை.

மரப்பட்டறை (8.51)
இந்தச் சஸ்டெயின் கதையை இருபது வருடமாகக் கேட்கிறேன். 1958இல் வந்த இஎஸ்-335 நடுவில் ஒரு கட்டையும் இரண்டு பக்கமும் வெற்றிடமும் உள்ள கிட்டார். அதில் சுரம் நிற்கவில்லை என்று யாராவது சொன்னார்களா? ஸ்டைன்பெர்கர் பேஸ் கிட்டாருக்குத் தலையே கிடையாது, உடம்பும் ஒரு சின்னப் பெட்டி அளவுதான். அதன் சுரம் நின்று பாடுகிறது. கிட்டாரின் கழுத்து எவ்வளவு விறைப்பு, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது, கழுத்தின் மேல் உள்ள ஃப்ரெட் கம்பிகள் சமமாக இருக்கின்றனவா, இதையெல்லாம் விட்டுவிட்டுக் கிலோவைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆறாம்தந்தி (9.04)
லெஸ் பால் என்கிற மனிதரே முதலில் செய்தது கனத்த பைன் கட்டை ஒன்றுதான். "லாக்" என்று அதற்குப் பெயர். நடுவில் முழுக்கட்டை இருந்தால் அதிர்வு வீணாகாது என்பதுதான் அவர் யோசனை.

மரப்பட்டறை (9.10)
அந்தக் கட்டை நாலு இஞ்ச் சதுரம். இரண்டு பக்கமும் அவர் ஒட்டியது வெற்று இறக்கைகள். 335-இன் அமைப்பும் அதுதானே? உங்கள் உதாரணமே என் கட்சி பேசுகிறது.

பேஸ்காரன் (9.22)
இரண்டு பேரும் தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒருவருக்கு நாளைக்குக் கச்சேரி. எடை பார்த்தீர்களா?

மதுரைத்தந்தி (மதியம் 1.15)
4.6 கிலோ. பெல்ட் இரண்டு இஞ்ச். கழுத்தோரமாகத்தான் உட்காருகிறது. விரல் மரக்காது. கச்சேரி கடைசியில் மட்டும் சுண்டு விரல் கொஞ்சம்.

நரம்பும்எலும்பும் (1.40)
நான் பிசியோதெரபிஸ்ட். அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கட்டு காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நுழைந்து போகிறது. 4.6 கிலோவை இரண்டு இஞ்ச் நைலானில் கழுத்தோரம் தொங்கவிட்டால் தோள் கீழே இறங்கும், அந்த இடைவெளி நெருக்கப்படும். சுண்டு விரலும் மோதிர விரலும் மரப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். முழங்கையை மடக்கியே வைத்திருப்பதாலும் அங்கே நரம்பு அழுந்தலாம். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். உங்களுக்கு எது என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தோள் எரிவது சதையின் களைப்பு, ஓய்வில் போய்விடும். மரப்பு அப்படி இல்லை. அதை வலியோடு சேர்த்துப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தண்டால் எடுத்து அதைச் சரிசெய்ய முடியாது.

கிட்டார் எவ்வளவு கீழே தொங்குகிறது?

மதுரைத்தந்தி (1.52)
இடுப்பில் பேண்ட் பெல்ட் கட்டும் இடத்துக்கு.

நரம்பும்எலும்பும் (1.58)
ஏற்றுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரம். கீழே தொங்கினால் இடது மணிக்கட்டு அதிகம் மடங்கும், தோளும் முன்னால் சரியும்.

சர்ச்கிட்டார் (2.20)
உட்காரச் சொல்லாதீர்கள் என்றார், ஆனாலும் சொல்கிறேன். கிங் கிரிம்சன் குழுவின் ராபர்ட் ஃபிரிப் லெஸ் பாலை மேடையில் உட்கார்ந்தேதான் வாசித்தார். ப்ளூஸ் கிட்டார்காரர் பி.பி. கிங்கும் கடைசிக் காலத்தில் நாற்காலியில்தான். உயரமான ஸ்டூலில் பாதி சாய்ந்து நின்றால் பார்ப்பவருக்கு நிற்பது போலவே இருக்கும். நான் இரண்டு தோளிலும் மாட்டும் பெல்ட் போடுகிறேன். கனம் இரண்டாகப் பிரிகிறது. மாட்டிக் கழற்றத்தான் நேரமாகும், ஆராதனையில் நடுவில் கழற்ற வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஆறாம்தந்தி (2.41)
ரிசப்ஷன் மேடையில் ஸ்டூலா? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? கீபோர்டுக்காரர் உட்காரலாம், கிட்டார்காரர் நிற்க வேண்டும். மேடைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது.

சர்ச்கிட்டார் (2.55)
அந்த மரியாதைக்காக என் நண்பர் ஒருவர் முப்பத்தைந்து வயதில் கிட்டாரை விட்டுவிட்டார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அண்ணா.

பேஸ்காரன் (3.30)
நாளைக்குக் கச்சேரி என்பதால் இன்றைக்குச் செய்ய முடிந்ததை மட்டும் சொல்கிறேன். என் பேஸும் இதே எடைதான், பன்னிரண்டு வருடமாக நின்று வாசிக்கிறேன். இன்று மாலையே கடைக்குப் போய் நாலு இஞ்ச் பெல்ட் கேளுங்கள், கிடைக்காவிட்டால் மூன்று. எடை குறையாது. அதே எடை இரண்டு மடங்கு இடத்தில் பரவும், அதுதான் வித்தியாசம். தோள் படும் பக்கம் சொரசொரப்பான தோல் இருந்தால் நல்லது, வழுக்காது. ரப்பர் போல இழுபடும் மெத்தை பெல்ட் வேண்டாம். கடையில் மாட்டும்போது லேசாகத் தெரியும், மேடையில் ஒவ்வொரு அசைவுக்கும் கிட்டார் மேலும் கீழும் ஆடும். புது பெல்ட்டின் ஓட்டை கிட்டாரில் அதை மாட்டும் பொத்தானில் இறுக்கமாக உட்காருகிறதா பாருங்கள். தளர்வாக இருந்தால் ஹார்டுவேர் கடையில் ரப்பர் வாஷர் இரண்டு வாங்கிப் போடுங்கள். 4.6 கிலோ மேடையில் விழுந்தால் கிட்டாரின் கழுத்து உடையும். பொத்தான் திருகையும் ஒரு தரம் முறுக்கிவிடுங்கள்.

முக்கியமானது இது: பக்கத்தில் கிட்டார் ஸ்டாண்ட் வையுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அறிவிப்பாளர் பேசும்போது கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு நிமிஷம் என்றாலும் கழற்றுங்கள். தவில்காரர் மகன் சொன்னதும் இதுதான். என் முதல் ஐந்து வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தோல்வாத்தியம் (4.10)
துண்டையும் மறக்காதீர்கள். டவல் வேண்டாம், மெல்லிய பருத்தி.

மரப்பட்டறை (5.05)
கச்சேரி முடிந்த பிறகு எடுத்து வாருங்கள். குடைய வேண்டாம் என்றால் தந்தியை முறுக்கும் டியூனிங் கீயையாவது லேசானதாக மாற்றித் தருகிறேன், நூறு கிராம் போல வித்தியாசம் வரும். குடைவது பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மதுரைத்தந்தி (ஞாயிறு காலை 10.48)
கச்சேரி முடிந்தது. மூன்று இஞ்ச்தான் கிடைத்தது. உள்ளே துண்டு வைத்தேன், உயரம் ஏற்றினேன், ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் கழற்றினேன். தோள் எரியவில்லை, கோடும் இல்லை. சுண்டு விரல் மட்டும் மூன்றாவது மணியில் கொஞ்சம் மரத்தது. எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகத் தவில் அண்ணாவுக்கு.

நரம்பும்எலும்பும் (11.02)
கேட்க சந்தோஷம். ஆனால் அந்த விரலைக் காட்டுங்கள். அடுத்த கச்சேரி எப்போது? அதற்கு முன்பே யாராவது நரம்பு மருத்துவரைப் பாருங்கள். மோதிர விரலும் சேர்ந்து மரத்ததா, கழற்றி வைத்ததும் எத்தனை நிமிஷத்தில் சரியானது?

நரம்பும்எலும்பும் (புதன் 9.15)
மதுரைத்தந்தி, பதில் போடுங்கள்.