அப்பத்தா வீடு (குடும்பக் குழு)

காரைக்குடி அத்தை, காலை 9:12
பீரோவைத் துடைக்கும்போது பழைய எம்பி3 பிளேயர் கிடைத்தது. 2009 பொங்கலுக்கு அம்மா பாடிய நடவுப் பாட்டை இதில்தான் பதிந்தேன். கம்ப்யூட்டரில் சொருகினால் பேட்டரி படம் மட்டும் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் ஒன்றுமே வரவில்லை.

பெரியப்பா, 9:15
அம்மா குரல் இன்னும் இருக்கிறதா?!

மதுரை சித்தப்பா, 9:16
அத்தனை வருஷம் சும்மா கிடந்தது. பேட்டரி செத்திருக்கும் அக்கா.

கார்த்தி, 9:20
சார்ஜ் ஏறுகிறது என்றால் உயிர் இருக்கிறது சித்தப்பா. அரை மணி நேரம் அப்படியே விடுங்கள் அத்தை. எந்த வயரில் போட்டிருக்கிறீர்கள்?

காரைக்குடி அத்தை, 9:22
எமர்ஜென்சி லைட்டோடு வந்த வயர். முனை சரியாகப் பொருந்தியதே.

கார்த்தி, 9:25
அதுதான் காரணமாக இருக்கும். யுஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பி ஓட வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் ஃபைல் போய்வர. லைட்டுக்குத் தரும் வயரில் பெரும்பாலும் கரண்டு கம்பி இரண்டுதான் இருக்கும். மாமாவின் பழைய டிஜிட்டல் கேமரா வயர் இருக்கிறதா? அதுவும் இதே மினி யுஎஸ்பி முனைதான். சிபியு பின்பக்கத்தில் சொருகுங்கள்.

காரைக்குடி அத்தை, 10:03
கேமரா பையிலேயே இருந்தது. சொருகியதும் 'டிங்' என்று சத்தம் வந்தது! ஆனால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். டிரைவ் வரவில்லை.

கார்த்தி, 10:06
சத்தம் வந்துவிட்டதே, பாதிக் கிணறு தாண்டியாச்சு. வயரைக் கழற்றிவிட்டு, பிளேயரில் செட்டிங்ஸ் போய் யுஎஸ்பி மோட் என்று இருக்கிறதா பாருங்கள். அது பிளேயர் கம்ப்யூட்டரோடு ஃபைல் பரிமாறும் முறை. எம்டிபி என்று இருந்தால் எம்எஸ்சி ஆக்குங்கள். அப்போது பென்டிரைவ் மாதிரி வரும், தனி டிரைவர் சாஃப்ட்வேர் தேவையில்லை.

காரைக்குடி அத்தை, 10:14
வந்துவிட்டது! 'எஃப்' டிரைவ். ஆனால் ஏதோ பிரச்சினை இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்று கேட்கிறது. கொடுக்கவா?

கார்த்தி, 10:14
வேண்டாம் அத்தை!! எதையும் அமுக்காதீர்கள். பார்மேட் என்று கேட்டாலும் வேண்டாம். சரிசெய்கிறேன் என்று அது ஃபைலையே வெட்டிவிடலாம். அந்தக் கட்டத்தை மூடிவிட்டு டிரைவைத் திறங்கள். ரெக்கார்டு என்று ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக டெஸ்க்டாப்பில் காப்பி செய்யுங்கள். கட் வேண்டாம், காப்பி.

மதுரை சித்தப்பா, 10:15
அக்கா, பையன் சொல்வதைக் கேளுங்கள்.

காரைக்குடி அத்தை, 10:31
மூன்று ஃபைல். மூன்றும் வந்துவிட்டன. இரண்டாவதைத் திறந்தேன். அம்மா தொண்டையைச் செருமிவிட்டு, 'இது ஓடுதாடி?' என்று கேட்கிறாள். பின்னால் சேவல் கூவுகிறது. அதற்குமேல் கேட்க முடியாமல் நிறுத்திவிட்டேன்.

கார்த்தி, 10:33
மெதுவாகக் கேளுங்கள் அத்தை, அவசரமில்லை. அதற்கு முன்னால் ஒரு பென்டிரைவிலும் ஒரு காப்பி போடுங்கள். பிளேயரை எஜெக்ட் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். குழுவுக்கு அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் ஒலி அப்படியே வரும்.

காரைக்குடி அத்தை, 10:36
அனுப்புகிறேன். அண்ணா, வீட்டில் இருக்கிறீர்களா? போனில் உங்களுக்கு முதலில் போட்டுக் காட்டுகிறேன். தனியாகக் கேட்க மனசு வரவில்லை.

பெரியப்பா, 10:36
இருக்கிறேன். போடும்மா.